கண்ணாடிக்குப் போன குளிர்

எனக்கும் என் நாத்தனாருக்கும் ஏழாம் பொருத்தம். அவள் வண்டி ஏசி மெக்கானிக் என்று தெரிந்தும், எங்கள் கேரவனின் முன்பக்க ஏசி படுத்துக்கொண்டபோது வீம்புக்கு இரண்டு கடைகளுக்கு அலைந்தேன். இரண்டிலும் கேஸ் நிரப்பி அனுப்பினார்கள். டாஷ்போர்டில் இருந்து காற்றே வரவில்லை.

என் அம்மாவுக்கு நரம்புக் கோளாறு. சூடு ஏறினால் கால்கள் துவண்டுவிடும். பின்னால் படுக்கைக்கு மேலே இருக்கிற ஏசி, வண்டியை நிறுத்திக் கரண்ட் கொடுத்தால்தான் ஓடும். அம்மாவுக்கோ, முன்சீட்டில் உட்கார்ந்து வழியெல்லாம் பார்த்துக்கொண்டே கடல்வரை போக ஆசை. மறுநாள் பயணம். முன்பக்கம் குளிராவிட்டால் அம்மா வீட்டில்தான்.

வேறு வழியில்லாமல் நாத்தனாரைக் கூப்பிட்டேன். "இப்பதான் என் நம்பர் கெடைச்சுதா அண்ணி?" என்றபடியே வந்து இறங்கினாள். வாய்க்கொழுப்புக்குக் குறைச்சலே இல்லை.

இன்ஜினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் வெளியே போய் முன்கண்ணாடியைத் தடவினாள்.

"இந்த ஈரம் எப்பவும் படியுதா?"

"ஏசி போட்டாலே படியுது. எறங்கி எறங்கித் தொடச்சு கை ஓஞ்சு போச்சு."

"குளிரு நல்லாத்தான் இருக்கு அண்ணி. உங்களுக்கு வராம கண்ணாடிக்குப் போகுது. அதைத்தான் தொடச்சிட்டிருந்தீங்க."

டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து மல்லாந்து படுத்தாள். காற்றை நம் பக்கம் திருப்புகிற கதவை ஒரு சின்ன ரப்பர் குழாய்தான் காற்றை உறிஞ்சி இழுத்துப் பிடிக்குமாம். அதில் ஓட்டை விழுந்தால் காற்று முழுக்கக் கண்ணாடிக்குப் போய்விடுமாம். கண்ணை மூடிக்கொண்டு, விரலாலேயே அந்தக் குழாயைத் தேடிப் போனாள். அவசரமே இல்லாத விரல்கள். அவளைப் பிடிக்காது என்பதையே மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு இப்படி ஒரு வேலை கைவராதே என்று பொறாமையாகவும் இருந்தது.

விரல் ஒரு மரத்தட்டின் அடியில் நின்றது. அம்மாவின் பிளாஸ்க் வைக்க நானே அடித்த தட்டு. கணவரைக் கிட்டவே விடாமல் அடித்துவிட்டு, ஊரெல்லாம் பெருமை பேசிய தட்டு. அதன் ஸ்க்ரூ குழாயைத் துளைத்திருந்தது.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஸ்க்ரூவைக் கழற்றி என் கையில் வைத்து மூடினாள். துளை விழுந்த இடத்தை வெட்டிவிட்டுப் புதுத் துண்டு செருகினாள். டாஷ்போர்டில் இருந்து காற்று சில்லென்று முகத்தில் அடித்தது. அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து முன்சீட்டில் உட்கார வைத்தோம். அம்மா கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள்.

கணவர் எட்டிப் பார்த்தார். "என்னதான் ஆச்சு?"

"எலி கடிச்சிருக்குண்ணா."

அம்மா பதறிப்போய்க் காலைத் தூக்கிக்கொண்டாள். "வண்டியில எலி இருக்கா?"

"இருந்துச்சு அத்தை," என்றாள், டூல்ஸைத் துடைத்துக்கொண்டே. "நல்ல எலிதான். இனிமே என்னைக் கேக்காம எதையும் கடிக்காது."