கத்தரி வீட்டு சர்வர்கள்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையைத் தேடி நான் போகவில்லை. சண்டை போடத்தான் மாடியேறினேன். ஒரு வாரமாக என் தலைக்கு மேல் ஏதோ இரைந்துகொண்டே இருந்தது.

மேல்வீட்டுக்காரி என்னை உள்ளே கூப்பிட்டாள். துணி அலமாரியைக் காலிசெய்து, அதில் மூன்று பழைய சர்வர் கம்ப்யூட்டர்களை அடுக்கியிருந்தாள்.

"இதுங்கதான் கத்துது. மன்னிச்சுக்குங்க. இதுங்கள விட்டா எங்களுக்கு வேற வாயில்ல."

2.

'மேகத்தில் மிதந்த அவள் வாழ்க்கை, ஒருநாள் மழையாக…'

(அடித்துவிட்டேன். கிளவுட் என்றதும் மழைக்குப் போகும் புத்தியை என்ன செய்வது?)

நேராகவே சொல்கிறேன். அவள் ஒரு செய்தித் தளத்தின் ஆசிரியை. வளவளவென்று எழுதினால் இரக்கமில்லாமல் வெட்டுவாள், அதனால் எல்லோருக்கும் 'கத்தரி'. ஒரு ரசாயன ஆலையில் நுரையீரலைத் தொலைத்தவர்கள் பேசிய வீடியோக்களை வெளியிட்டாள். ஆலைக்காரர்கள் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் சர்வர்களில் அவள் தளத்துக்கு வாடகைக்கு இடம் கொடுத்திருந்த கிளவுட் நிறுவனத்துக்குப் புகார் அனுப்பினார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் தளமே காணோம். ஏன் என்று கேட்டாள். 'உங்கள் பொறுமைக்கு நன்றி' என்று தானியங்கிப் பதில் வந்தது.

3.

பழைய சர்வர்களை வாங்கி வீட்டிலேயே தளத்தை நடத்துவது என்று அவள் முடிவுசெய்தாள். அவளுடைய தம்பிக்கு சர்வர் பராமரிப்புதான் பிழைப்பு; அவன் வேண்டாமென்றான். முதல் வரைவில் அவனைக் கோழையாக்கியிருந்தேன். (தப்பு. அவன் சொன்னதில் பொய்யே இல்லை.)

"அக்கா, கிளவுட்ல ஒரு மெஷின் செத்தா இன்னொண்ணு எந்திரிக்கும். இங்க கரண்ட் போனா? ஏசி நின்னா? எல்லாம் போயிடும்க்கா."

"போனா என் கையால போகட்டும்டா. எவனோ ஒரு பட்டனைத் தட்டிப் போகக் கூடாது."

தலையிலடித்துக்கொண்டு போனான். மறுநாள் அவனே ஸ்குரூடிரைவரோடு வந்து நின்றான்.

வீடியோக்கள் திரும்பி வந்த அன்று ஒரு பெண் போன் செய்தாள். வீடியோவில் பேசியிருந்த அவள் கணவர், தளம் முடங்கிக் கிடந்தபோதே இறந்துபோயிருந்தார்.

"அவரு பேசுறது கேக்குதும்மா," என்றாள்.

4.

சில வாரங்களில் ஒரு டிஸ்க் மண்டையைப் போட்டது. பாதி நாள் தளம் இல்லை. தம்பி தன் வீட்டில் வைத்திருந்த நகல்தான் காப்பாற்றியது. (வரைவைப் படித்தவர்கள் இந்தப் பத்தியை எடுத்துவிடச் சொன்னார்கள், கதாநாயகி சறுக்கலாமா என்று. எடுக்க மாட்டேன். சொந்த மெஷின் என்றால் சொந்தத் தலைவலி. அவள் அதைத் தெரிந்தே வாங்கினாள்.)

5.

இந்த முறை புகாரை வாங்கிக்கொள்ள நடுவில் எந்த நிறுவனமும் இல்லை. ஆலையின் வக்கீல் நேரிலேயே மாடியேறினார். சத்தம் கேட்டு நானும் பின்னால் போனேன்.

"வீடியோவ எடுத்துடுங்கம்மா. எதுக்கு வம்பு?"

"கோர்ட்டுக்கு வாங்க சார். நீதிபதி முன்னாலயே போட்டுக் காட்டுறேன்."

முடிவு அ: வீடியோக்களை நீக்கும்படி நீதிமன்றம்…

முடிவு ஆ: ஆலையின் கதவுகள்…

இரண்டையும் அடித்துவிட்டேன். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. இப்போது அவளைக் கேட்காமல் எவனாலும் எதையும் நிறுத்த முடியவில்லை. நான் மட்டும் யார், ஒரு முற்றுப்புள்ளி வைத்து நிறுத்த? முடிவு வேண்டுமென்றால் நீங்களே ஏறிப்போய் அவளிடம் கேளுங்கள். ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன்: படிக்கட்டில் நான் உட்கார்ந்திருப்பேன். அவளை நிறுத்த வருகிறவர்கள் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும்