விளக்கு வைத்த பிறகு உப்பு

"அக்கா, கெதியா வா! சீடி உள்ளுக்குள்ளயே கிடக்கு!"

நிலவறைப் படியில் நின்று தம்பி நிலக்சன் கத்தியது மூன்றாம் மாடிவரை கேட்டது. மறுநாள் காலையில் நகரசபை லொறி பெரிய சாமான்களைக் குப்பைக்கு எடுக்க வரும். நிலவறையில் கிடக்கும் பழைய கணினியை இன்றைக்கே தெருவோரம் வைத்துவிட வேண்டும் என்பது அப்பாவின் கட்டளை. தூக்கப் போனவன் ஒரு கம்பியால் குத்தி சீடித் தட்டைத் திறந்து பார்த்திருக்கிறான். குப்பையைக்கூட அவனுக்குச் சும்மா போடத் தெரியாது. ஜேர்மனியில் போக்கும் நகரப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கும் நான், இருபத்தொரு வயதுக்காரி, வெறுங்காலோடு மூன்று மாடியும் இறங்கி ஓடினேன்.

'ஹெட்டியும் களவுபோன நிலவும்', சின்ன வயதில் நாங்கள் விளையாடிய கணினி ஆட்டம். சீடியின் மேல் சிவப்புத் தொப்பி போட்ட ஹெட்டி அதே சிரிப்போடு இருந்தாள். கணினியை மேலே தூக்கி வந்து வரவேற்பறையில் வைத்து மின்சாரம் கொடுத்தோம். அது இருமியது, முனகியது, ஐந்து நிமிடம் எங்களைச் சோதித்தது. பிறகு ஹெட்டியின் நாய் குரைத்தது. நான் துள்ளினேன். மிகைப்படுத்தவில்லை, உண்மையாகவே துள்ளினேன். 1996 மார்கழியில் சேமித்து வைத்த ஆட்டம் அப்படியே இருந்தது. பதினொரு வருடமாக ஹெட்டி கலங்கரை விளக்கத்தின் கதவுக்கு வெளியே பனியில் நின்றுகொண்டிருக்கிறாள், பாவம்.

அந்தக் கதவைத் தாண்ட எங்களால் முடிந்ததே இல்லை. வாசலில் ஒரு தடித்த காவற்காரன் சூப் காய்ச்சிக்கொண்டிருப்பான். ஒரு கரண்டி குடிப்பான், முகத்தைச் சுளிப்பான், "ஏதோ குறைகிறதே" என்பான். ஹெட்டியின் பையில் கயிறு, மவுத் ஓர்கன், பாலாடைக்கட்டி, வாத்து இறகு, ஒரு பொட்டலம் உப்பு. என் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே பின்னேரத்தில் அவனைத் தாண்டிவிட்டார்கள். நாங்கள் இறகைக்கூடக் கொடுத்துப் பார்த்தோம். உப்பை மட்டும் கொடுக்கவில்லை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சொல்லி வளர்ந்த சனம் நாங்கள்! ஆனால் ஆட்டத்தில் அது இரவு, வாசலில் விளக்கு வேறு எரிந்தது. விளக்கு வைத்த பிறகு உப்பை வெளியே கொடுத்தால் வீட்டின் நல்லதெல்லாம் அதோடு போய்விடும் என்று அம்மா சமையலறையிலிருந்தே தடுத்துவிடுவார். ஏழு வயது நிலக்சன் ஒருநாள் களவாகக் கொடுக்கப் போனபோது நான்தான் அவன் கையில் அடித்தேன். இந்தக் கதையைப் பல்கலைக்கழகத்தில் எத்தனையோ பேருக்குச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

திரை ஒருதரம் பச்சையாகி மீண்டது. தூசி கருகும் மணம் வந்தது.

"கன நேரம் தாங்காது, அக்கா. நிண்டுதெண்டா இனி எழும்பாது," என்றபடி நிலக்சன் உப்புப் பொட்டலத்தில் அம்புக்குறியை வைத்தான். அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பதினொரு வருடமாக எனக்குத் தெரியாது.

"பொறு தம்பி. குடுக்காத."

ரொட்டி மாக் கையோடு அம்மா வாசலில் நின்றார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை.

"பொய் உப்பெண்டு எனக்கு அப்பவே தெரியும். எண்டாலும் பயம். அப்பா அந்த நேரம் இஞ்ச வாறதுக்கு ஏஜென்சிக்காரனோட மொஸ்கோவில நிண்டவர். ஆறு கிழமை ஒரு போனும் இல்லை. கீழ்வீட்டு மனிசி ஒருநாள் பின்னேரம் கொஞ்சம் உப்புக் கேட்டு வந்தவ. பாஷை விளங்காத மாதிரிக் கதவைச் சாத்திப்போட்டன். ஒரு வருசம் என்னோட கதைக்கேல்லை. வழியில நிக்கிற மனிசன்ர நல்லதை நான் என்னண்டு வெளியில விடுறது?"

அப்பா கொழும்பில் சுகமாக இருக்கிறார் என்றுதான் எங்களுக்கு அப்போது சொல்லப்பட்டிருந்தது. நான் சொல்லிச் சிரித்த ஒவ்வொரு தடவையும் நினைவுக்கு வந்து எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"இப்ப ஒருத்தரும் வழியில இல்லைத்தானே, அம்மா?" நிலக்சன் மெதுவாகக் கேட்டான்.

அம்மா மணிக்கூட்டைப் பார்த்தார். ஐந்தேகால். வெளியே நல்ல இருட்டு. போய்த் தொலைபேசியை எடுத்தார். "எங்கை நிக்கிறியள்?... ஓம், ஓம். ஒண்டுமில்லை, வாங்கோ." வைத்துவிட்டு எங்களிடம் சொன்னார்: "ஆஸ்பத்திரிக் குசினியில வேலை முடிஞ்சு இப்பதான் தொங்குரயில் ஏறினவராம். வந்து சேரட்டும்."

ஆற்றுக்கு மேலே தண்டவாளத்தில் தொங்கியபடி ஓடும் அந்த ரயிலில் இருபது நிமிடம்! யன்னலைத் திறந்து மார்கழிக் குளிரை உள்ளே விட்டோம். நிலக்சன் பத்திரிகையால் கணினிக்கு விசிறினான். நான் ஆடிக்கொண்டிருந்த வயரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையில் இருந்தேன். திரை பச்சையானது, ஊதாவானது, திரும்பி வந்தது. ஒவ்வொரு தடவையும் இருவரும் கத்தினோம். இந்தக் குளிரிலும் எனக்கு வியர்த்தது. காவற்காரன் கவலையே இல்லாமல் சூப்பைக் குடித்து முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தான். கொடுத்துவிடு என்று ஒரு கண்ணசைவு போதும், நிலக்சன் கொடுத்திருப்பான். நான் அவனைப் பார்க்கவே இல்லை.

வாசற்கதவின் பூட்டில் திறப்பு திரும்பும் சத்தம் கேட்டது.

"இதையேன் மேலை கொண்டந்தனியள்? யன்னல் வேற திறந்து கிடக்கு!" நனைந்த மேலங்கியோடு அப்பா வாசலில் நின்றார்.

"முதல்ல காலை உள்ளுக்கு வையுங்கோ," என்றார் அம்மா. அப்பாவின் சட்டைக்கையைப் பிடித்து உள்ளே இழுத்து, அவருக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினார். பிறகு அவரையும் இழுத்துக்கொண்டே கணினியடிக்கு வந்தார். "தள்ளு தம்பி. நான் குடுக்கிறன்."

அம்மா அதுவரை மவுசைத் தொட்டதே இல்லை. அம்புக்குறி முதலில் வானத்துக்குப் போனது, பிறகு நாயிடம் போனது. நிலக்சன் விரலால் திரையில் வழி காட்டினான். உப்புப் பொட்டலம் தள்ளாடித் தள்ளாடிப் பனியைக் கடந்து பானைக்குள் விழுந்தது. காவற்காரன் ஒரு கரண்டி அள்ளிக் குடித்தான். அவன் முகம் மலர்ந்தது. இடுப்பிலிருந்து ஒரு பெரிய திறப்பை எடுத்தான்.

"என்ன? என்ன நடக்குது இஞ்ச?" என்று அப்பா கேட்டது எங்கள் கூச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. கதவு மெல்ல மெல்லத் திறந்து, மஞ்சள் வெளிச்சம் திரை முழுவதும் பரவத் தொடங்கியது. அம்மா ஒரு கையால் மவுசை அழுத்திப் பிடித்திருந்தார். மாப் படிந்த மற்றக் கை இன்னும் அப்பாவின் ஈரச் சட்டைக்கையை விடவில்லை.