இறுதிச் சுற்றில் அக்காவும் தங்கையும்

வானொலி நிலையம் அந்த வாக்கெடுப்பை அறிவித்தபோது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த வட்டாரத்தில் பிறந்து விளையாடியவர்களில் தலைசிறந்தவர் யார் என்று ரசிகர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கைப்பேசிக்கு ஒரு வாக்கு. வாரம்தோறும் கடைசியில் இருப்பவர்கள் கழிந்துபோவார்கள். குத்துச்சண்டைக்காரர் போனார், பழைய கோல்கீப்பர் போனார், ஜெயிப்பார் என்று எல்லாரும் அடித்துச் சொன்ன நீச்சல்காரரும் போனார். கடைசிச் சுற்றில் மிஞ்சிய இருவரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளாக இருந்தார்கள்.

மூத்தவள் ஈட்டி எறிந்தவள். தோள்பட்டை கைவிட்ட பிறகு நகரப் பேருந்தில் ஓட்டுநராகச் சேர்ந்துவிட்டாள். இளையவள் எண்ணூறு மீட்டர் ஓடியவள். ஆள் சிறியவள் என்பதால் ஓடிய காலத்திலேயே ‘சிட்டு’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது நகராட்சி மைதானத்தில் பள்ளிப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாள்.

முதலில் வீட்டில் எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. அம்மா தன் கைப்பேசியில் பெரியவளுக்கு வாக்குப் போட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரியைத் தாஜா பண்ணி அவளுடையதை வாங்கிச் சின்னவளுக்கும் போட்டாள். தோற்பவள் ஒரு மாதத்துக்கு அம்மாவின் மூட்டுவலிப் புராணத்தைத் தனியாகக் கேட்க வேண்டும் என்று அக்காவும் தங்கையும் பந்தயம் கட்டிக்கொண்டார்கள்.

அக்காவின் பேருந்தில் நடத்துநராக இருந்தவன் அவளைவிட இளையவன். வாய் ஓயாதவன். அவள்மேல் உண்மையாகவே மரியாதை உள்ளவன். பயணச்சீட்டைக் கொடுக்கும்போதே வாக்களிக்கும் எண்ணையும் சொல்லிக்கொடுப்பான். வண்டியை ஓட்டுவது யார் தெரியுமா என்று ஆரம்பித்தால் அடுத்த நிறுத்தம் வரை விடமாட்டான். பணிமனைக்காரர்கள் அவளுக்காக வாட்ஸப்பில் ஒரு குழு தொடங்கினார்கள். அதற்குத் தலைவனும் அவன்தான். ஏறுகிறவர்கள் எல்லாம் அவளை ‘ஈட்டி அக்கா’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் அவனை அடக்கவில்லை. ஈட்டியைக் கீழே வைத்த நாளிலிருந்து அவள் எறிந்ததைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது பேசினார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

ஒருநாள் மதியம், குழுவில் போடுவதற்குப் பழைய படங்கள் வேண்டும் என்று கேட்டான். சாப்பிட்டுக் கை கழுவப் போகிற அவசரத்தில் அவள் கைப்பேசியைத் திறந்து அவனிடம் கொடுத்து, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.

அந்த வாரக் கடைசியில், பேருந்தின் காலை நடையை ஓட்டி முடித்துவிட்டு வாக்கு நிலவரத்தைப் பார்த்தாள். அதுவரை இழுபறியாக இருந்தது. அன்று அவள் எங்கேயோ முன்னே போயிருந்தாள். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடியே தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். சிரிப்பு அடங்குவதற்குள் தங்கையின் அழைப்பு வந்தது.

“போட்டோ பாத்தியா?”

எந்தப் படம் என்று அக்கா கேட்டாள்.

“ஆஸ்பத்திரில எனக்கு ட்ரிப்ஸ் ஏறுச்சே, அந்தப் படம். என் நெத்தில நீ கை வச்சிருப்ப. உன்னையும் அந்தக் கையையும் வெட்டி எடுத்துட்டுப் போட்டிருக்காங்க.”

அந்தப் படம் அக்காவுக்கு நன்றாக நினைவிருந்தது. தங்கை தங்கம் வாங்கிய பந்தயத்துக்குச் சில வாரம் முன்பு, கெட்டுப்போன சாப்பாட்டால் வாந்தியும் பேதியுமாகப் படுத்துவிட்டாள். அக்காதான் கூட இருந்தாள். ஒரு செவிலியர் அக்காவின் கைப்பேசியிலேயே இருவரையும் சேர்த்துப் படம் எடுத்துக் கொடுத்தார். இப்போது ஊர் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்த படத்தில் ஊசி குத்திய ஒரு கை, தொங்கும் பாட்டில், அணியின் சட்டை போட்ட சிட்டுவின் முகம் மட்டுமே இருந்தன. ஓடுவதற்கு முன்னால் உடம்பில் ஏற்றியது என்ன மருந்து என்று கீழே கேட்டிருந்தார்கள்.

“அந்தப் படம் உன் போன்ல மட்டும்தான் இருந்துச்சுக்கா,” என்று சொல்லிவிட்டுத் தங்கை துண்டித்தாள். அதன் பிறகு எத்தனை முறை அழைத்தும் எடுக்கவில்லை.

அக்கா நேராக நடத்துநரிடம் போய்க் கேட்டாள். அவன் பயணச்சீட்டுக் கருவியைத் துடைத்துக்கொண்டே, எல்லாப் படத்தையும் குழுவில் போட்டதோடு தன் வேலை முடிந்தது, பிறகு யார் என்ன செய்தார்கள் என்று தனக்கு எப்படித் தெரியும் என்றான். அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை. முழுப் படத்தைக் காட்டலாம் என்று தேடினால், அவள் கைப்பேசியில் அது இப்போது இல்லை. அவளே குழுவில் எழுதினாள்: அது வயிற்றுப்போக்குக்கு ஏற்றிய சலைன், பக்கத்தில் இருந்தது நான். அதற்குக் கைகூப்பும் பொம்மைகள்தான் வரிசையாக வந்தன. என்ன பெருந்தன்மை, இவரல்லவா வீராங்கனை என்றார்கள். ஒருவரும் அந்தப் படத்தை அழிக்கவில்லை. வானொலி நிலையத்தில், வாக்கெடுப்பு மட்டும்தான் எங்களுடையது, வதந்திக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். அம்மா அழுதுகொண்டே வந்து, சிட்டுவிடம் பயிற்சிக்கு வரும் பெண்களில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள் என்றாள். ஊசி போட்டு ஓடியவளிடம் என் மகளை விடமாட்டேன் என்று ஒரு தகப்பன் மைதானத்திலேயே வைத்துக் கத்தியிருக்கிறான்.

வாக்கெடுப்பு முடிவதற்கு முந்தின நாள் சாயங்காலம், அக்காவின் பேருந்து நகராட்சி மைதானத்தைக் கடக்க வேண்டியிருந்தது. அலுவலகம் விடும் நேரம். நிற்க இடமில்லாமல் வண்டி நிறைந்திருந்தது. திருப்பத்தில் வரும்போதே அவளுக்குக் கூட்டம் தெரிந்தது. வாசலை அடைத்துக்கொண்டு இளவட்டங்கள் நின்றார்கள். சிலர் பணிமனைச் சீருடையிலேயே வந்திருந்தார்கள். ஊசி படம் வரைந்த ஒரு பெரிய துணியை இரண்டு பேர் தூக்கிப் பிடித்திருந்தார்கள். கம்பிக்கதவு உள்ளிருந்து சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. உள்ளே, தண்ணீர்த் தொட்டி ஓரத்தில், மிச்சமிருந்த பெண்களைத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டு சிட்டு நின்றாள். யாரோ ஒருவன் கம்பியில் கல்லால் தட்டிக்கொண்டே இருந்தான்.

அக்கா வண்டியை அப்படியே நிறுத்தினாள்.

பின்னாலிருந்து நடத்துநர், இது நிறுத்தம் இல்லையே என்று குரல் கொடுத்தான். அவள் கைப்பிரேக்கை இழுத்தாள், இயந்திரத்தை அணைத்துச் சாவியை உருவிக்கொண்டாள்.

“நீயும் இறங்கு,” என்றாள்.

பயணிகள் முணுமுணுத்தார்கள். பின்னால் வந்த வண்டிகள் ஒலி எழுப்பத் தொடங்கின. அவள் சீருடையோடு சாலையைக் கடந்து வருவதைக் கண்டதும் கூட்டம் ஆரவாரித்தது. ஈட்டி அக்கா தங்களோடு சேர்ந்துகொள்ள வருகிறாள் என்றே அவர்கள் நினைத்தார்கள். வழி விட்டார்கள். ஒருவன் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். கைப்பேசிகள் எல்லாம் மேலே எழுந்தன. கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து தங்கை இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஆரவாரத்தில் நடந்த சில அடிகளைவிட நீளமான தூரத்தை அக்கா தன் வாழ்நாளில் நடந்ததில்லை.

கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து நின்றாள்.

“அந்தப் போட்டோ என்னோடது. என் போன்ல இருந்தது. அவ சாகக் கிடந்தப்ப எடுத்தது. பக்கத்துல உக்காந்திருந்தது நான்.”

கூட்டத்தின் சத்தம் தணிந்தது. பிறகு ஒருவன், தங்கச்சியைக் காப்பாற்ற நீங்கள் இப்படித்தான் சொல்வீர்கள் என்றான். அதானே என்று பல குரல்கள் சேர்ந்தன. துணியைப் பிடித்திருந்தவர்கள் அதை இன்னும் உயர்த்தினார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு கல் பறந்து அவள் தலைக்கு மேலே கம்பியில் பட்டு விழுந்தது. உள்ளே ஒரு சிறுமி அழுதாள்.

அக்கா நடத்துநரைப் பார்த்தாள். அவன் கூட்டத்தின் ஓரத்தில், பணப்பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்தான்.

“நீ சொல்லு,” என்றாள். “உங்கிட்டதான முழுப் படம் இருக்கு.”

வண்டிகளின் ஒலி காதைக் கிழித்தது. அவன் மெதுவாக நடந்து வந்தான். கைப்பேசியை எடுத்து, படத்தைத் தேடி, முதலில் துணி பிடித்திருந்தவனிடம் காட்டினான். படுக்கை ஓரத்தில் அக்கா இருந்தாள். அவள் கை தங்கையின் நெற்றியில் இருந்தது. இருவருமே கண் வீங்கிப்போய், பார்க்கச் சகிக்காமல் இருந்தார்கள்.

“வெட்டுனது நான்தான்,” என்றான் நடத்துநர். “அக்கா ஜெயிக்கணும்னுதான் செஞ்சேன்.”

அக்காவுக்கே அது அப்போதுதான் உறுதியாகத் தெரிந்தது. அவள் மனதில் இருந்த கோபம் வெளியே வருவதற்குள் கூட்டத்தின் கோபம் அவன்மேல் பாய்ந்தது. ஒருவன் அவன் சட்டைக் காலரைப் பிடித்தான். நேற்றுவரை நடத்துநர் சொன்னதையெல்லாம் பரப்பியவன்தான் அந்த ஆள். அக்கா இருவருக்கும் நடுவில் புகுந்து காலரை விடுவித்தாள். இதற்குள் பயணிகளில் சிலர் இறங்கி வந்துவிட்டார்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போக முடியாத எரிச்சலில் ஒரு பெண், சின்னப் பிள்ளைகள்மேல் கல்லெறியத்தான் இத்தனை பேர் கூடினீர்களா என்று கேட்டுப் பிடிபிடியென்று பிடித்தாள். துணி கீழே இறங்கியது. இளவட்டங்கள் இரண்டும் மூன்றுமாகக் கலைந்தார்கள்.

அக்கா திரும்பிக் கம்பிகளுக்குள் பார்த்தாள். தங்கை அருகில் வந்திருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“வண்டிய எடுக்கா. ஆளுங்க காத்திருக்காங்க,” என்றாள்.

நிறுத்தமில்லாத இடத்தில் வண்டியை விட்டு இறங்கியதற்காக, விசாரணை முடியும்வரை அக்காவை ஓட்டுநர் பணியிலிருந்து எடுத்துப் பணிமனை அலுவலகத்தில் உட்கார வைத்தார்கள். நடத்துநர் அவனாகவே வேறு பணிமனைக்கு மாற்றல் கேட்டுப் போனான். மைதானத்தில் அது நடந்த அன்று இரவே, தன் பெயரை எடுத்துவிடும்படி அவள் வானொலி நிலையத்தைக் கேட்டாள். இறுதிச் சுற்றில் யாரும் விலக முடியாது, அதுதான் விதி என்றார்கள். அதற்குள் ஒரு பயணி எடுத்த காணொளி எங்கும் பரவியிருந்தது. தங்கைக்காகப் பேருந்தை நிறுத்திய அக்கா என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அவள் ஈட்டி எறிந்ததை ஒருநாளும் பார்த்திராதவர்கள், வாக்களிக்க நினைத்தே இராதவர்கள் எல்லாம் அவளுக்கு வாக்களித்தார்கள். யாரும் எட்டிப்பிடிக்க முடியாத வித்தியாசத்தில் அவள் ஜெயித்தாள்.

முடிவு வந்த மறுநாள் தங்கையின் வீட்டுக்குப் போனாள். சிட்டு குளியலறை வாசலில் உட்கார்ந்து பிள்ளைகளின் காலணிகளிலிருந்து சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நின்றுபோன பெண்களில் பெரும்பாலானோர் திரும்பிவிட்டதாகவும், நன்றாக ஓடக்கூடிய ஒருத்தி மட்டும் இனி வரமாட்டாள் என்றும் சொன்னாள். அக்கா இன்னொரு காலணியை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தாள்.

சுரண்டிக்கொண்டே தங்கை கேட்டாள். “அன்னிக்குக் காலைல, விஷயம் தெரியறதுக்கு முன்னாடி, ஓட்டு ஏறுனதப் பாத்து சந்தோஷப்பட்டியா?”

“பட்டேன்.”

“நானா இருந்தாலும் பட்டிருப்பேன்.”

அக்கா விழாவுக்குப் போகப்போவதில்லை என்றாள். தங்கை சுரண்டுவதை நிறுத்தினாள்.

“போ. நீ போகலன்னா அதுக்கும் நான்தான் காரணம்னு சொல்லுவாங்க.”

போனாள். அரங்கு நிரம்பி வழிந்தது. கோப்பை எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. பழைய தோள்வலி சுருக்கென்று தைத்ததால் இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள். பேசச் சொன்னார்கள். எறிந்த நாட்களில் யாராவது பார்க்க வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மட்டும் சொன்னாள். அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார்கள்.

முன்வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் சிட்டு உட்கார்ந்திருந்தாள். நிழற்படக்காரர்கள் மேடையை ஒரு தடவையும் அவள் முகத்தை ஒரு தடவையுமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரோடும் சேர்ந்து அவளும் எழுந்து நின்று கைதட்டினாள். மனதாரத் தட்டுகிறாளா, தட்டாமல் இருந்தால் பேசுவார்களே என்று தட்டுகிறாளா என்று மேடையிலிருந்த அக்காவுக்குத் தெரியவில்லை. கைதட்டல் ஓயும்வரை அவள் தங்கையின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.