கடைசியாக அடித்த உத்தரவு

அமலியைப் பார்த்தால் ஜேசுதாஸுக்குப் பேச்சு வராது. வெள்ளக்கடை என்ற மலையூருக்கு மேலே இருந்த அந்தக் காப்பி எஸ்டேட்டில் இரண்டு வருஷமாக இதே கூத்துதான். அவன் ஆபீஸ் கம்ப்யூட்டரைப் பார்ப்பவன். அவள் காப்பிக்கொட்டை உலர்த்தும் கொட்டகைக்குச் சூப்பர்வைசர். "மூடுபனி ஜாஸ்திங்க" என்பான். "ஆமாங்க" என்பாள். அதோடு சரி.

1998 டிசம்பரில் கழுத்துக்குக் கத்தி வந்துவிட்டது. அவளைப் பெண்பார்க்க ஞாயிற்றுக்கிழமை சேலத்திலிருந்து ஆட்கள் வருகிறார்களாம். வாயால் சொல்லத் துப்பில்லாத மனுஷன், வெள்ளிக்கிழமை காலையில் கம்ப்யூட்டரில் ஒரு கடிதம் அடித்தான். அடித்ததை மேனேஜரின் உத்தரவுகள் இருக்கும் ஃபோல்டரிலேயே சேவ் செய்தான். அட மண்டு!

ஏன் மண்டு என்றால், அன்றுதான் அவன் விஷுவல் பேசிக்கில் எழுதிய புரோகிராமை மேனேஜர் பொன்னுவேலுக்கு ஓட்டிக் காட்ட வேண்டும். திரையில் கொட்டை உலர்த்தும் டிரம், அடுப்பு, தெர்மாமீட்டர் எல்லாம் படமாக இருக்கும். 'உத்தரவு' என்ற பட்டனை அழுத்தினால் காப்பிக்கு எத்தனை டிகிரி சூடு, மிளகுக்கு எத்தனை என்று மேனேஜர் சொல்லி அடித்த டாக்குமென்ட் அந்தத் திரைக்குள்ளேயே விரியும். மேனேஜரோ வேளைக்கு ஒரு உத்தரவு போடுகிறவர். நோட்டீஸ் போர்டில் எல்லாவற்றுக்கும் மேலே குத்திய தாள்தான் அந்த எஸ்டேட்டில் சட்டம். அதனால் கடைசியாக அடித்த ஃபைல் எதுவோ, அதுவே திறக்கும்படி செய்திருந்தான்.

கொட்டகைப் பெண்கள் எல்லாரும் ஆபீஸில் கூடினார்கள். பாதிப் பேருக்குப் படிக்க வராது என்பதால் உத்தரவை அமலிதான் எப்போதும் உரக்கப் படிப்பாள். ஜேசுதாஸ் பட்டனை அழுத்தினான்.

"அமலி, உங்களைப் பார்த்தா எனக்கு நாக்கு ஒட்டிக்குது," என்று பழக்க தோஷத்தில் ஒரே மூச்சாகப் படித்தாள் அமலி. "சேலத்து மாப்பிள்ளைக்குச் சரின்னு சொல்லிடாதீங்க. என்னைக் கட்டிக்குவீங்களா?"

ஜேசுதாஸுக்கு உயிரே போய்விட்டது. பாவி, டாக்குமென்டை மூடுவதற்கு ஒரு பட்டன் வைக்க மறந்திருந்தான்!

"ஏனுங்க, இது காப்பிக்குங்களா, மொளகுக்குங்களா?" என்று கேட்டாள் கொட்டகையிலேயே மூத்தவளான காளியாயி.

மேனேஜர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை படித்தார். "எத்தனை டிகிரின்னே போடலியேப்பா!"

"கொஞ்சம் நகருங்க," என்று அமலி அவனை நாற்காலியிலிருந்து எழுப்பினாள். மேனேஜர் சொல்லச் சொல்ல உத்தரவு அடித்துப் பழகிய கை அது. புதுத் தாள் திறந்து டொக் டொக்கென்று என்னவோ அடித்து, அதே ஃபோல்டரில் சேவ் செய்தாள். காது மட்டும் சிவந்திருந்தது.

"இப்ப அழுத்துங்க."

அழுத்தினான். இந்த முறை மேனேஜரே உரக்கப் படித்தார்:

"சேலத்துக்காரங்க ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு வர்றாங்க. நீங்க காலைப் பூசை முடிஞ்சதும் எங்க ஊட்டுக்கு வரணும். எங்கப்பாகிட்ட நீங்களே வாயைத் தொறந்து கேக்கணும். கம்ப்யூட்டரைத் தூக்கிட்டு வரக்கூடாது."