தமிழ்நிலாவின் இரண்டு பற்கள்

தை மாதக் கடைசியில் தமிழ்நிலாவுக்குக் கீழே இரண்டு பற்கள் முளைத்தன. எட்டு மாதக் குழந்தை. அவள் அம்மா மதிவதனிக்குத் திருப்பனந்தாள் பக்கம் ஒரு நெல் கொள்முதல் நிலையத்தில் சீசன் வேலை. சம்பா அறுவடை நேரம்; நெல் ஏற்றிய டிராக்டர்கள் ரோடு வரைக்கும் நின்றன. லீவு கேட்க வாயே வராது. புருஷன் அன்பரசனுக்குப் பெட்ரோல் பங்கில் சாயங்கால ஷிப்ட் என்பதால், பகலில் அவன்தான் குழந்தையைப் பார்த்துக்கொண்டான். பதினோரு மணிக்கும் இரண்டு மணிக்கும் பிள்ளையை மார்போடு சேர்த்துத் துணியால் கட்டி வண்டியில் கொண்டுவருவான். காலிச் சாக்குகள் அடுக்கிய பின் அறையில் உட்கார்ந்து மதிவதனி பால் கொடுப்பாள்.

ஒரு புதன்கிழமை பதினோரு மணிக்கு அது நடந்தது. குழந்தை குடித்து முடிக்கப்போகும் நேரம். வெளியே ஒரு டிராக்டர் உறுமியது. தமிழ்நிலா அந்தப் பக்கம் தலையைத் திருப்பினாள், வாயை எடுக்காமலே. இரண்டு பல்லும் நறுக்கென்று இறங்கின.

“ஐயோ!” என்று கத்திய மதிவதனியின் கை, அவள் நினைப்பதற்குள் குழந்தையின் கன்னத்தில் விழுந்துவிட்டது. பலமான அடி இல்லை. ஆனாலும் அடிதான். குழந்தை அவளையே பார்த்தது. உதடு கோணியது. பிறகு வீறிட்டது.

“என்னம்மா, தேளு கீளு கொட்டிருச்சா?” வெளியிலிருந்து சுமைதூக்கும் பக்கிரி கேட்டார்.

“ஒண்ணுமில்லண்ணே.”

அன்பரசன் வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டான். “கடிச்சிட்டா” என்று மட்டும் சொன்னாள். அடித்ததைச் சொல்லவில்லை.

இரண்டு மணிக்கு மறுபடி மடியில் போட்டபோது, தமிழ்நிலா முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு அழுதாள். ராத்திரியும் அப்படியே. வியாழக்கிழமை காலையிலும் மார்புப் பக்கம் முகத்தைக் கொண்டுபோனாலே அழுகை. மதிவதனிக்குப் பால் கட்டி, கல் மாதிரி ஆகிவிட்டது. கடிபட்ட இடத்தில் ரவிக்கை பட்டாலே உயிர் போனது. அதைவிட, பிள்ளை தன்னைக் கண்டு பயப்படுகிறதே என்பதுதான் தாங்கவில்லை. சாக்கு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிராம நர்ஸ் செம்மொழிக்குப் போன் போட்டாள்.

“நர்சக்கா, பாப்பா பால் குடிக்க மாட்டேங்குறா. கடிச்சா, நான் கத்திட்டேன்.” கொஞ்சம் நிறுத்தினாள். “அடிச்சிட்டேன் அக்கா.”

“சரி, அழுவாத. பல்லு வர்ற பிள்ளை கடிக்கத்தான் செய்யும், ஈறு நமநமன்னு இருக்கும். நீ கத்துனதுல பயந்துபோயிருக்கா, அவ்வளவுதான். பால மட்டும் கட்டவிடாத. மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா பீய்ச்சி டம்ளர்ல குடு. வம்பு பண்ணி வாயில வைக்காத. தூக்கக் கலக்கத்துல இருக்கும்போது பக்கத்துல படுத்துப் பாரு.”

“மறுபடி கடிச்சா?”

“வெடுக்குனு இழுக்காத, கிழிஞ்சிடும். வாயோரத்துல சுண்டுவிரல விடு, தானா விட்டுடும். பால் குடுக்குறதுக்கு முன்னாடி ஈரத்துணிய நல்லா குளிர வச்சு அவளுக்குக் கடிக்கக் குடு. புண்ணுல உன் பாலையே ரெண்டு சொட்டுத் தடவு. காய்ச்சல் வந்தாலோ, மாரு செவந்தாலோ உடனே வந்துடணும், தெரியுதா?”

அன்று மத்தியானம் பீய்ச்சிய பாலை அன்பரசன் ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தான். மதிவதனி சொல்லிவிட்டாள்.

“என்னங்க, நேத்து நான் பாப்பாவை அடிச்சிட்டேன்.”

அவன் ஸ்பூனை நிறுத்தினான். கோபப்படுவான் என்று நினைத்தாள்.

“கன்னம் செவந்திருந்துச்சு. நான் அப்பவே பாத்தேன்” என்றான். “நீயே சொல்லட்டும்னு இருந்தேன்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் ஊட்டுவதைத் தொடர்ந்தான். கடைசி வாய்க்கு முன்னால் குழந்தை ஸ்பூனைக் கடித்துக்கொண்டு அங்குமிங்கும் பார்த்தது.

“பாத்தியா? கஞ்சி குடுக்கும்போதும் இப்படித்தான். வயிறு நிறைஞ்சதும் வேடிக்க பாப்பா, அப்புறம் ஸ்பூனைக் கடிப்பா. பசியில ஒருநாளும் கடிச்சதில்ல.”

புதன்கிழமை நடந்ததை மதிவதனி யோசித்துப் பார்த்தாள். குடித்து முடிக்கும்போதுதான் கடித்தாள். அது தனக்கு எப்படித் தெரியாமல் போனது என்று ஆச்சரியமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி. குழந்தை அரைத்தூக்கத்தில் வாயை மட்டும் சப்புக்கொட்டியது. மதிவதனி சத்தமில்லாமல் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்து, கடிபடாத பக்கத்தைக் கொடுத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தமிழ்நிலா கண்ணைத் திறக்காமலே பற்றிக்கொண்டு குடித்தாள். தொண்டையில் மடக் மடக்கென்று இறங்கும் சத்தம் கேட்டது. சத்தம் குறைந்து, தாடை நின்று, கண் லேசாகத் திறந்தபோது, மதிவதனி சுண்டுவிரலை வாயோரத்தில் விட்டு எடுத்துவிட்டாள். குழந்தை அவளைப் பார்த்துச் சிரித்தது.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. அடுத்த இரண்டு வாரத்தில் இன்னும் மூன்று தரம் கடித்தாள். ஒரு தரம் மதிவதனிக்குக் கை ஓங்கவே வந்தது. சாக்கை இறுகப் பிடித்துக்கொண்டாள். “வேணாம்” என்று மெதுவாகச் சொல்லி, பிள்ளையைத் தார்ப்பாயில் உட்காரவைத்து, மாராப்பை மூடிக்கொண்டாள். தமிழ்நிலா ஒன்றும் புரியாமல் விழித்தாள்.

மாசி பாதியில் புண் ஆறியது. பங்குனியில் மேல்வரிசைப் பற்கள் வந்தபோது பயந்துகொண்டேதான் பால் கொடுக்க உட்கார்ந்தாள். குழந்தை வயிறு நிறையக் குடித்துவிட்டு, தானாகவே வாயை எடுத்தது.