இலவசப் பூட்டு

...இலவசம், காசு கட்டுவது இரண்டுக்கும் வெப்சைட்டில் ஒரே பூட்டுப் படம்தான் தெரியும் என்றால் பிறகு எதற்கு இரண்டு விதம் என்று ஜெனிபர் மூன்றாவது முறையாகக் கேட்டாள், சூர்யபிரகாஷும் சலிக்காமல் மூன்றாவது முறையாகச் சொன்னான், அவளுடைய கல்யாணத் தகவல் வெப்சைட்டைச் செய்துகொடுத்தவன் அவன்தான், விராலிமலையில் பஸ்ஸுக்கு நின்றபடி போனில் பேசினான். "அக்கா, அந்தப் பூட்டுக்கான எஸ்எஸ்எல் சர்டிபிகேட் நேத்தோட முடிஞ்சு போச்சு, அதான் தொறந்தா செவப்பா வருது. ஃப்ரீ போட்டா அஞ்சு நிமிசம், வெப்சைட் ஒங்க கையில இருக்கான்னு மெஷினே பாத்துக்கும், வேற ஒண்ணும் கேக்காது. காசு கட்டுறதுன்னா ஆளு விசாரிப்பாங்க, கடைப் பதிவைப் பாப்பாங்க, போன் போட்டுக் கேப்பாங்க. பஸ் வந்துருச்சு, ஏறிட்டுக் கூப்புடுறேன், யோசிச்சு வைங்க." வைத்துவிட்டான்.

யோசிக்க என்ன இருக்கிறது... இலுப்பூர் கடைவீதியில் அவளுடைய இந்த டிடிபி கடைக்குப் பத்திரிகை அடிக்க வருகிற கத்தோலிக்கக் குடும்பங்கள், நம்ம ஆளுகளில் நல்ல பையன் இருந்தால் சொல்லும்மா என்று கேட்டுக் கேட்டுத்தானே இந்த வெப்சைட்டையே தொடங்கினாள், முதலில் கூடிவந்த கல்யாணம் சோபியாவுடையது, அவளும் மெல்வினும் மாலையோடு நின்ற படத்தைத்தான் முகப்பில் போட்டிருந்தாள், போன மாதம் சூர்யபிரகாஷிடம் எடுக்கச் சொன்னாள், எடுத்த இடம் வெள்ளையாகக் கிடக்கிறது, வேறு படம் வைக்க மனம் வரவில்லை. மெல்வினுக்கு ஏற்கெனவே மனைவி இருக்கிறாள், நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. சோபியா ஆறு மாத வயிற்றோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள், யாரோடும் பேசுவதில்லையாம், வைத்த சோறு வைத்தபடி இருக்கிறதாம்.

காலையில் சோபியாவின் அம்மா அடைக்கலமேரியின் நம்பர் போனில் வந்தபோது திட்டத்தான் போகிறாள் என்று நினைத்தாள், திட்டியிருக்கலாம், திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை. "அந்தப் படம் இன்னும் கெடக்கான்னு தொறந்து பாத்தேன் ஜெனி, பாதுகாப்பு இல்லேன்னு வருது. பூட்டு போயிருச்சு போல. இந்த வாட்டி நல்ல பூட்டா பாத்து வாங்கு தாயி, காசப் பாக்காத. அடுத்தவ புள்ளையாவது தப்பிக்கட்டும்." பழைய பூட்டு மட்டம், அதனால்தான் மெல்வின் உள்ளே வந்துவிட்டான், அப்படித்தான் அந்த அம்மாள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பூட்டுக்கும் மாப்பிள்ளைக்கும் சம்பந்தமே இல்லை, நாம் அனுப்புகிற விவரத்தை நடுவில் வேறு யாரும் படித்துவிடாமல் காப்பது, அவ்வளவுதான் அதன் வேலை... யார் சொன்னது அவளுக்கு, பூட்டு இருந்தால் உள்ளே இருப்பவனும் நல்லவன் என்று? "பூட்டு போட்டிருக்கு பாருங்கக்கா, சரிபாக்காம யாரும் உள்ள வர முடியாது." ஜெனிபர்தான் சொன்னாள், இதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, சிரித்தபடி, விரலை வைத்துக் காட்டி. அப்போது அவளே அதை நம்பினாளா, இல்லை நம்புவது சௌகரியமாக இருந்ததா?

கோயிலில் மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண ஓலை வாசிப்பார்கள், இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று, மூன்று வாரத்தில் சேதி எப்படியும் ஊர் தாண்டிவிடும். பதினைந்து நாளில் மெல்வின் குவைத்து வேலைக்குத் திரும்ப வேண்டும், ஒரே ஓலையோடு முடிக்கச் சாமியாரிடம் அனுமதி கேட்கலாமே என்று யோசனை சொன்னதும் அவள்தான். அவனுக்குத் தடையில்லை என்று அறந்தாங்கிப் பக்கத்துப் பங்குக் கோயிலிலிருந்து கடிதம் கொண்டுவந்தான், முத்திரை எல்லாம் இருந்தது, பிறகுதான் தெரிந்தது, அவனே போலியாக அடித்துக்கொண்டது. "அந்த ஊர்ப் பங்குச் சாமியார்ட்ட ஒரு வார்த்த கேட்டியா தாயி?" என்று அடைக்கலமேரி கேட்டாள். "கேட்டுட்டேன்க்கா." கேட்கவில்லை. நம்பர் எல்லாப் பங்குகளின் விவரமும் உள்ள மறைமாவட்ட டைரியில் இருந்தது, டைரி மேஜை டிராயரில் இருந்தது, கடையில் கூட்டம் என்று அருள்தாஸிடம் பின்னால் சொல்லிக்கொண்டாள், கட்டின புருஷனிடம்கூட... அன்று கூட்டமே இல்லை. முதல் கல்யாணம், எங்கே தட்டிப்போய்விடுமோ என்றிருந்தது.

போன் அடித்தது. சூர்யபிரகாஷ்தான், பஸ் இரைச்சலுக்கு மேலே கத்தினான். "என்னக்கா, எது?"

"ஃப்ரீயே போட்டுடு தம்பி."

"அதான் நல்லது. எதுக்குத் தண்டச் செலவு?"

செலவா... காசு கட்டுகிறதையே வாங்கு என்று அருள்தாஸ் காலையிலேயே பணம் வைத்துவிட்டுத்தானே பள்ளிக்கூடம் போனார், கைப்பையில் அப்படியே இருக்கிறது, அதை மிச்சம் பிடிக்க வேண்டும் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லையே. காசு கட்டினால் யாரோ ஒருவர் போன் போடுவார், நீங்கள் கொடுத்த விவரமெல்லாம் உண்மைதானா என்று மரியாதையாகக் கேட்பார், அவளும் ஆமாம் என்பாள், அன்றைக்கு அடைக்கலமேரியிடம் சொன்னாளே, அதே குரல்தான் வரும், அவளிடம் இருப்பது அந்த ஒரு குரல்தான், அவர்களும் நம்பிவிடுவார்கள்.