எதிர்த்துத் தூக்கிய கை

இப்போதெல்லாம் எதிரே உட்கார்ந்திருக்கும் ஆள் சொல்வது யார் காதிலும் ஏறுவதில்லை. அதையே முன்பின் தெரியாத ஒருவன் கைப்பேசிக்குள் இருந்துகொண்டு, பின்னால் மேளம் தட்டி, கனத்த குரலில் சொன்னால் வாயைப் பிளந்து கேட்கிறார்கள். கேட்பதோடு விடுகிறார்களா? பக்கத்து வீட்டுக்காரனை அன்று முதல் வேறு மாதிரி பார்க்கிறார்கள். நாற்பது வருஷம் பார்த்த முகம், அரை நிமிஷ விளம்பரத்தில் அழிந்துபோகிறது.

நெஸ்டருக்கு இந்த எரிச்சல் தேர்தல் அறிவித்த நாளிலிருந்தே இருந்தது. எண்பதை நெருங்குகிற வயது. எட்டாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு, மானிட்டோபா மண்ணில் கோதுமை விதைத்தே காலத்தை ஓட்டியவர். வங்கியை நம்ப மாட்டார், ரேடியோவில் மழை என்று சொன்னால் நம்ப மாட்டார், தலைநகர் ஆட்டவாவிலிருந்து பேசுகிற எவனையும் நம்ப மாட்டார். ஆனாலும் ஒவ்வொரு தேர்தலிலும் அப்பா போட்ட கட்சிக்கே ஓட்டுப் போட்டார். அந்தக் கட்சி நல்லது என்பதற்காக அல்ல. மற்றது அதைவிட மோசம் என்பதற்காக. அவர் வீட்டு முன் புல்வெளியில் அந்தக் கட்சியின் வேட்பாளர் டாரில் ஓல்சன் பெயர் போட்ட பலகைதான் நட்டிருந்தது.

திங்கட்கிழமை வாக்களிப்பு. அதற்கு முந்தைய சனிக்கிழமை காலை, ஆப்ரம் வீப்பைக் கூட்டிப்போக அவர் வீட்டுக்குப் போனார் நெஸ்டர். கர்லிங் என்பது பனித்தளத்தில் கனத்த கல்லைத் தள்ளிவிட்டு, அதன் முன்னால் துடைப்பத்தால் தேய்த்து, வட்டத்தின் நடுவில் நிறுத்துகிற ஆட்டம். அன்றைக்குக் கர்லிங் கிளப்பில் பருவத்தின் கடைசி ஆட்டம். அது முடிந்ததும் பனித்தளத்தை உருக விட்டுவிடுவார்கள். இருவரும் முப்பது வருஷமாக ஒரே அணி.

ஆப்ரம் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தார். காலணி கூட மாட்டவில்லை.

"நான் வரல, நெஸ்டர்."

"ஏன், முதுகா?"

"முதுகு நல்லாத்தான் இருக்கு. போன வாரம் நான் கிளப்புக்குள்ள வந்ததும் கஸ் பேச்ச நிறுத்திட்டான். வெர்னா எனக்கு மட்டும் காபி ஊத்தாம போயிட்டா. நான் என்ன, பிச்சைக்கா உக்காந்திருந்தேன்?"

ஆப்ரமின் மகள் மார்லீன் அந்த ஊரில் மருந்துக்கடை வைத்திருப்பவள். ஊர் மன்றத்தில் உறுப்பினராக இருந்தவள், இப்போது பிரதமர் பெல்ஃபோரின் கட்சிக்காக நிற்கிறாள். இரண்டு வாரமாக, தொலைக்காட்சியில் ஹாக்கி ஆட்டம் நடுவில் நிற்கும்போதெல்லாம் டாரில் கட்சியின் விளம்பரத்தில் அவள் முகம் வருகிறது. சாம்பல் நிறத்தில், வலது கையைத் தூக்கியபடி. 'உங்கள் தாயை ஊரைவிட்டு அனுப்பக் கை தூக்கியவர். இன்று உங்கள் ஓட்டைக் கேட்கிறார்.' மூன்று வருஷத்துக்கு முன் ஊர் மன்றம் மூடிய முதியோர் இல்லத்தைப் பற்றிய பேச்சு அது.

"தோத்தா தோக்கட்டும்," என்றார் ஆப்ரம். "அதுக்கா கவலைப்படுறேன்? செவ்வாக்கிழமை அவ கடையைத் திறக்கணுமே. மருந்து வாங்க வர்றவங்க அவ மூஞ்சியப் பாக்காம காசை வெச்சுட்டுப் போறாங்க. ரெண்டு குடும்பம் அடுத்த ஊர்க் கடைக்கு மருந்துச் சீட்டை மாத்திட்டாங்க. கடைய வித்துட்டு வின்னிபெக் போயிடலாமான்னு கேக்குறா. அவ போனா எனக்கு இங்க யாரு இருக்கா?"

நெஸ்டர் ஜன்னல் வழியே பார்த்தார். வயலில் அழுக்குப் பனி திட்டுத் திட்டாகக் கிடந்தது.

"நீ அன்னைக்கு அங்க இருந்தே," என்றார் ஆப்ரம். "உனக்குத் தெரியும்."

தெரியும்தான். வண்டி கிளம்பாத அளவு குளிர் அன்று. மன்றக் கூட்டத்துக்கு வெளியாள் என்று வந்தது நெஸ்டர் ஒருவர்தான். அதுவும் தன் தெருவில் பனி வாரவில்லை என்று சண்டை போட. இல்லத்தை மூடலாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார் மேயர். மூன்று கைகள். வேண்டாம் என்பவர்கள்? முதலில் எழுந்தது மார்லீனின் கை. மன்றத்துக் கேமரா பிடித்தது அந்தக் கையைத்தான்.

"நான் கிளப்புல சொல்றேன்," என்றார் நெஸ்டர். "நீ கிளம்பு."

"முதல்ல சொல்லு. அப்புறம் பாக்கலாம்."

கிளப்பில், பனித்தளத்தைப் பார்க்கிற கண்ணாடிக்கு இந்தப் பக்கம், பெரிய மேசையைச் சுற்றி ஏற்கெனவே கச்சேரி நடந்துகொண்டிருந்தது. நெஸ்டரின் அணியில் மீதி இருவரான கஸ்ஸும் லைலும்தான் சத்தம். முந்தின இரவு பிரதமர் பெல்ஃபோரும் டாரில் கட்சித் தலைவர் ஸ்ட்ரிக்லண்டும் தொலைக்காட்சியில் மோதிக்கொண்டதைப் பற்றி.

"உன் பெல்ஃபோர் அடி வாங்க வாங்க சிரிக்கிறான்யா," என்றான் கஸ். "பல் டாக்டர் விளம்பரத்துல நிக்க வேண்டிய ஆளு."

"உன் ஸ்ட்ரிக்லண்ட் மட்டும் என்னவாம்?" என்றான் லைல். "விவசாயி நண்பன்னு டிராக்டர்ல உக்காந்திருக்கானே, சாவி எந்தப் பக்கம்னு தெரியாம தடவுறான். பூட்ஸ்ல ஒரு பொட்டு சேறு இல்ல."

"டிராக்டரே இல்லையாம்டா அது. படத்த ஒட்டி வெச்சதுன்னு என் மருமகன் சொல்றான்."

"அப்ப அதுலகூட ஏறல அவன்!"

மேசை சிரித்தது. கஸ் விடவில்லை. "உங்க ஆளுங்க என்ன யோக்கியம்? பென்ஷன் பெட்டிக்குள்ள ஸ்ட்ரிக்லண்ட் கைய விடுற மாதிரி போடுறீங்களே, அது ஏதோ பள்ளிக்கூடத்துல அவன் குலுக்கல் சீட்டு எடுத்த படம்."

"அரசியல்னா அப்படித்தான் இருக்கும்."

"அதத்தான் நானும் சொல்றேன். ஆனா ஆப்ரம் பொண்ணு விஷயம் வேற. அது படத்துலயே இருக்கு. கை தூக்கியிருக்கா."

"எதுக்குத் தூக்கினா?" என்றார் நெஸ்டர், இன்னும் கோட்டைக் கழற்றாமல். "மூட வேண்டாம்னு தூக்கினா. நான் பாத்தேன்."

கஸ் மூக்கைச் சொறிந்தான்.

"நீ ஆப்ரமோட சேக்காளி. வேற என்ன சொல்லுவே?"

"என் வீட்டு முன்னாடி யார் பலகை இருக்குடா? அந்தப் பொண்ணுக்கு நான் ஓட்டுப் போட மாட்டேன். பெல்ஃபோர் ஒரு திருட்டுப்பய. அவ அவன் பின்னாடி போனது அவ புத்தி. ஆனா கை தூக்கினது மூடாதேன்னுதான். மன்றத்து ஆபீஸ்ல எழுதி வெச்சிருக்கும், போய்ப் பாரு."

"ஆபீஸ் செவ்வாய்தான் திறக்கும்," என்றான் கஸ்.

காபிக் கெண்டியோடு நின்றிருந்த வெர்னா எல்லாவற்றையும் கேட்டாள். கிளப் சமையலறையை இருபது வருஷமாக நடத்துபவள். இல்லத்தை மூடியபோது அவள் அம்மாவை இரண்டு மணி நேரத் தூரத்தில் ஓர் இல்லத்துக்கு மாற்றினார்கள். கிழவிக்கு அந்த ஊரில் ஒரு முகம் தெரியாது. பனி உருகுவதற்குள் கண்ணை மூடிவிட்டாள். புயலில் சாலை மூடியிருந்ததால் கடைசி நேரத்தில் வெர்னாவால் போய்ச் சேர முடியவில்லை.

"நெஸ்டர், நீ பொய் சொல்ற ஆளு இல்ல," என்றாள் வெர்னா. "ஆனா வயசாச்சு உனக்கு. மறந்திருப்பே."

"நான் மறக்கல."

"அப்ப நான் யார் மேல கோவப்படுறது? கை தூக்கின மூணு பேர்ல ஒருத்தன் செத்துட்டான், ரெண்டு பேர் ஊரை விட்டே போயிட்டாங்க. இவ ஒருத்திதான் எனக்குக் கிடைச்சா."

நெஸ்டர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பனித்தளத்துக்கு இறங்கினார்.

எதிரணியில் டாரில் ஓல்சன் இருந்தான். நாற்பது வயது, விவசாய இயந்திரம் விற்பவன், பிறந்ததும் வளர்ந்ததும் இங்கேதான். வழக்கப்படி எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். ஆப்ரம் இல்லாததால் நெஸ்டர் பக்கம் மூன்றே பேர். ஆளுக்குக் கூடுதலாகக் கல் தள்ள வேண்டியிருந்தது. முழங்கால் மடங்காததால் நெஸ்டர் நின்றபடியே நீளக் குச்சியால் தள்ளினார். அப்படியும் கடைசிச் சுற்றுவரை சமமாக இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

எதிரணியின் கடைசிக் கல். வட்டத்துக்குள் நெஸ்டரின் கல் ஒன்று நடுவில் உட்கார்ந்திருந்தது. டாரில் முன்னால் குனிந்து வெறிபிடித்தவன்போல் பனியைத் தேய்த்துக்கொண்டே வந்தான். கல் மெதுவாக வந்து, நெஸ்டரின் கல்லை உரசித் தள்ளிவிட்டு, நடுப்புள்ளியில் நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கூச்சல். டாரில் அணிக்கு வெற்றி.

டாரில் நிமிர்ந்தான். முகம் சிவந்திருந்தது. வலது கையைத் தூக்கினான்.

"என் துடைப்பம் கல்லுல பட்டுடுச்சு."

யாரும் பார்க்கவில்லை. பக்கத்தில் தேய்த்தவன்கூடப் பார்க்கவில்லை. ஓடும் கல்லில் துடைப்பம் பட்டால் தப்பாட்டம்; ஆனால் இந்த ஆட்டத்தில் நடுவர் கிடையாது. பட்டவன்தான் சொல்ல வேண்டும், சொன்னபின் கல்லை எடுத்துவிட வேண்டும். டாரிலே குனிந்து அந்தக் கல்லை ஓரமாகத் தள்ளினான். நகர்ந்துபோன நெஸ்டரின் கல்லைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து வைத்தான். ஆட்டம் நெஸ்டர் பக்கம் போனது. மேலே எல்லோரும் கை தட்டினார்கள். தோற்றவனுக்கு விழுந்த கைதட்டல். கஸ் அவன் தோளில் அடித்து, "இந்த மாதிரி ஆளத்தான் ஆட்டவாவுக்கு அனுப்பணும்" என்றான்.

நெஸ்டர் கை தட்டவில்லை. அந்தத் தூக்கிய கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிந்தால் இரு அணிகளும் ஒரே மேசையில் உட்கார வேண்டும்; ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்கு வாங்கித் தர வேண்டும். நெஸ்டர் டாரிலின் பக்கத்தில் உட்கார்ந்தார். கஸ்ஸும் மற்றவர்களும் கடைசிக் கல்லைப் பற்றி அலசிக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி," என்றார் நெஸ்டர், குரலைத் தாழ்த்தி. "அந்த இல்லத்து ஓட்டு. மார்லீன் எந்தப் பக்கம் தூக்கினான்னு உனக்குத் தெரியுமா?"

டாரில் காலிக் கோப்பையைச் சுழற்றினான். "தெரியும் நெஸ்டர். விளம்பரம் வந்த அன்னைக்கே தேடிப் பாத்தேன். வேண்டாம்னுதான் தூக்கியிருக்காங்க."

"தெரிஞ்சுமா சும்மா இருக்கே?"

"அது நான் செஞ்சது இல்ல. மேலருந்து வருது. நிறுத்தச் சொல்லி ரெண்டு தடவை போன் பண்ணேன். வாயைத் திறந்தா கட்சிப் பேரையே பிடுங்கிடுவோம்னாங்க. ரெண்டு நாள் பொறுங்க. தேர்தல் முடிஞ்சதும் நானே வெர்னா வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்."

"தேர்தல் முடிஞ்சதும்."

"பெல்ஃபோர் திரும்ப வந்தா இந்த ஊரு என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். ரயிலும் நிக்காது, ஆஸ்பத்திரியும் நிக்காது. அதுக்கு முன்னாடி இது சின்ன விஷயம்."

"சின்ன விஷயமா? அங்க ஒருத்தன் தன் வீட்டுச் சமையலறையில காலணி மாட்டாம உக்காந்திருக்கான்." நெஸ்டர் தலையைத் திருப்பினார். அடக்கிப் பேசுவது அவருக்கு என்றுமே வராது. "வெர்னா! இங்க வா. டாரில் உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம். மார்லீனைப் பத்தி."

வெர்னா கெண்டியைப் பிடித்தபடி வந்து நின்றாள். டாரிலையே பார்த்தாள். அவளுக்கு என்ன வேண்டியிருந்தது என்று நெஸ்டருக்குத் தெரியவில்லை.

"என்ன டாரில்?"

கஸ் பார்த்தான். லைல் பார்த்தான். டாரிலின் உதடு பிரிந்தது. சற்றுமுன் பனியில் நிமிர்ந்தபோது இருந்த அதே சிவப்பு முகத்தில் ஏறியது. நெஸ்டர் காத்திருந்தார். சொல்லிவிடுவான் என்றுகூட அந்த நொடியில் நினைத்தார்.

"காபி," என்றான் டாரில். "ஒரு கப் போதும். சர்க்கரை வேண்டாம்."

வெர்னா ஊற்றினாள். பிறகு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நெஸ்டர் எழுந்து கோட்டை மாட்டினார்.

"எங்கய்யா போறே?" என்றான் கஸ். "ஜெயிச்சிட்டு உக்காராம போனவன் இந்த கிளப்புலயே கிடையாது."

"அவன் காபி என் கணக்குல. வாங்கித் தர்றது வழக்கம், வாங்கித் தந்துட்டேன்."

வாசல் வரைக்கும் டாரில் ஓடி வந்தான். கோட்டுகூடப் போடவில்லை.

"நெஸ்டர், சின்ன வயசுலருந்து என்னைப் பாக்குறீங்க. நான் ஏமாத்துறவனா? இப்ப பாத்தீங்கல்ல, யாருமே பாக்காதத நானா சொன்னேன்."

"பாத்தேன். நல்லாத்தான் சொன்னே. அந்தக் கையை எவனாவது படம் பிடிச்சிருந்தா, நீ எதுக்குத் தூக்கினேன்னு அவன் இஷ்டத்துக்குச் சொல்லலாம். நான் இருந்தேன்னு சொன்னா எனக்கு வயசாச்சும்பாங்க."

"ஆட்டம் வேற, தேர்தல் வேற. அங்க நாம மட்டும் ஒத்துக்கிட்டா அவங்க நம்மள மென்னு துப்பிடுவாங்க. அவங்க ஸ்ட்ரிக்லண்டுக்குச் செய்யலையா? ஜெயிச்ச பிறகு இந்த மாதிரி விளம்பரத்த எல்லாம் தடுக்கச் சட்டமே கொண்டு வரலாம். நான் பேசுவேன், சத்தியமா."

நெஸ்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். கெட்டவன் இல்லை. சொல்வதை அவனே நம்புகிறான். அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

"உள்ள போ. சளி பிடிச்சுக்கும்."

"திங்கக்கிழமை ஓட்டுப் போட வருவீங்கல்ல?"

நெஸ்டர் படியிறங்கினார். வண்டிகள் நிறுத்துமிடம் முழுக்கச் சேறும் பனிக்கூழுமாக இருந்தது. பின்னால் டாரில் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். ஊர் என்றான், ஆஸ்பத்திரி என்றான், எல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றான். நெஸ்டர் வழுக்காத இடமாகப் பார்த்துக் கால் வைத்தபடி, திரும்பாமல் நடந்தார்.